வாசல் படத்தை ஆற்றங்கரையில் வைத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் வீட்டு வாசலை அழகுபடுத்துவது பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன். கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற சுவருக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்று எழுதியிருந்ததில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அதற்கு மேல் சொல்லியிருந்ததெல்லாம் எதை வாங்கலாம், எங்கிருந்து வரவழைக்கலாம் என்பதாகவே இருந்தது. நடுவில், பழைய சாமி படங்களையும் மங்கிப்போன சட்டங்களையும் முதலில் அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருநெல்வேலி டவுனில் மேல ரத வீதிப் பக்கம் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா தொடங்கிய கடை. 1983இல் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு நானும் அங்கே உட்கார்ந்தேன். ஒரு படத்தின் முகத்தை வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள். அதன் முதுகைப் பார்க்கிறவன் சட்டம் போடுகிறவன் மட்டுமே. முதுகில் எத்தனையோ சேதிகள் இருக்கும். வாங்கிய தேதியைப் பென்சிலால் குறித்திருப்பார்கள். புதுவீடு புகுந்தபோது எந்த மாமா கொண்டுவந்து கொடுத்தார் என்று எழுதியிருப்பார்கள். அட்டைக்கும் படத்துக்கும் நடுவே செய்தித்தாளை மடித்து வைத்து அடைத்திருப்பார்கள். உங்கள் நாளிதழின் பழைய தாள்களும் என் கையில் பல முறை அப்படி வந்திருக்கின்றன. போன ஆண்டு ஒரு மீனாட்சி கல்யாணப் படத்தைப் பிரித்தபோது 1971 மார்ச் மாதத்துத் தேர்தல் செய்தி வந்த தாள் முழுசாக இருந்தது. படத்தைக் கொண்டுவந்த பெரியவர் அதை என் வேலைப் பலகையில் விரித்து வைத்து, நின்றபடியே அரை மணி நேரம் வாசித்தார். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளைப் படத்துக்குப் பின்னால் வைப்பது நல்லதல்ல. அதில் இருக்கும் அமிலம் படத்தின் தாளையும் பழுப்பாக்கி, தொட்டால் ஒடிகிற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது தெரியாது. இப்போது நான் வைப்பதில்லை.

அந்தப் பெரியவரின் மகன், சட்டம் உளுத்துவிட்டது, தூக்கிப் போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். சட்டம் உளுத்தது உண்மைதான். நான் படத்தின் கீழ் ஓரத்தைத் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். கொண்டையா ராஜுவின் கையெழுத்து இருந்தது.

இந்தப் பெயரை இன்று எத்தனை பேருக்குச் சொன்னால் தெரியும்? 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதுகிறவராக வந்து கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். அவரும், டி.எஸ்.சுப்பையா போன்ற அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாகவும் கண்ணாடிப் படங்களாகவும் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தார்கள். சாமி என்று கண்ணை மூடினால் நம்மில் பாதிப் பேருக்கு மனத்தில் வருகிற முகம் அவர்கள் தீட்டிய முகம்தான். கோவில்பட்டி எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் பயணம். அங்கே தீட்டி, பக்கத்து ஊரில் அச்சடித்து, எங்கள் தெருவில் சட்டம் போட்டு, நம் வீட்டு நிலைக்கு மேலே ஐம்பது வருடம் நின்ற படத்தை அப்புறப்படுத்திவிட்டு எதை வைக்கப் போகிறோம்?

எங்கள் ஊர்ப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திண்ணை ஏறி, நிலையைத் தாண்டினால் தார்சா என்கிற முன்கட்டு. அதற்கு அடுத்தது பட்டாசல் என்கிற கூடம். தார்சாவிலிருந்து பட்டாசலுக்குள் போகிற நிலைக்கு மேலேதான் படங்கள் வரிசையாக இருக்கும். கீழ்ச்சட்டம் சுவரோடு ஒட்டியிருக்கும், மேல்பக்கம் ஒரு சாண் அளவுக்கு முன்னால் சாய்ந்து நிற்கும். ஏன் அப்படிச் சாய்த்து மாட்டினார்கள் என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்த காலம் அது. பாயில் உட்கார்ந்தவர் தலையைத் தூக்கினால் சாமியின் முகம் அவரை நேரே பார்க்க வேண்டும், கண்ணாடியில் வாசல் வெளிச்சம் விழுந்து முகத்தை மறைக்கக் கூடாது. ஆணியும் கயிறும் வைத்து அதைக் கணக்குப் பண்ணியிருந்தார்கள். என் அப்பா அளவு நாடாவை எடுக்கவே மாட்டார். வீட்டுக்குப் போய் முதலில் தரையில் உட்காருவார், மேலே பார்ப்பார், அதன் பிறகுதான் ஏணியில் ஏறுவார்.

வாசலுக்குப் படம் வைக்காத வீடு எங்கள் பக்கத்தில் அபூர்வம். மேலப்பாளையத்தில் முஸ்லிம்கள் வீட்டு நிலைக்கு மேலே ஆயத்துல் குர்ஸி என்கிற குர்ஆன் வசனம் இருக்கும். அரபு எழுத்தைக் கறுப்பு வெல்வெட்டில் தங்கநிற நூலால் பின்னியது, தகட்டில் வெட்டியது, கண்ணாடியின் பின்புறம் வர்ணத்தால் எழுதியது என்று எத்தனையோ வகை என் கைக்கு வந்திருக்கின்றன. பாளையங்கோட்டையில் கிறிஸ்தவர்கள் வீட்டு வாசலில் பைபிள் வசன அட்டை. வருடம் பிறந்ததும் வாக்குத்தத்த வசனத்தைக் கொண்டுவந்து, போன வருடத்து அட்டையை எடுத்துவிட்டு அதே சட்டத்தில் புதியதை வைத்துத் தரச் சொல்கிற குடும்பங்கள் உண்டு. ஜனவரி முதல் வாரம் முழுக்க எனக்கு அந்த வேலைதான். ஒரு வீட்டில் பழைய அட்டைகளை எடுக்கவே விடுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கச் சொல்வார்கள். அந்தச் சட்டம் இப்போது பெட்டிபோல் கனமாக இருக்கிறது. இருபத்தொரு வருடத்து வசனங்கள் அதற்குள் இருக்கின்றன. வெளியே தெரிவது ஒன்றுதான் என்றாலும் அந்த வீட்டு அம்மா, மற்றவையும் அங்கேயே இருக்கட்டும் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டார்.

இப்போது வருகிற வேலைகளைச் சொல்கிறேன். புதிய குடியிருப்புகளில் கதவைத் திறந்தால் நாலடி அகல நடைபாதை. ஒரு பக்கம் செருப்பு அலமாரி, இன்னொரு பக்கம் மெயின் ஸ்விட்ச் பெட்டி. மிச்சமிருக்கிற சுவரில் ஏழு குதிரைகள் ஓடுகிற படம். பத்து வீட்டுக்கு ஆறு வீட்டில் அதுதான். குதிரைப் படத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வாஸ்துவில் நம்பிக்கை உள்ளவர்கள் விரும்பி மாட்டினால் அது அவர்கள் உரிமை, நானே நூற்றுக்கணக்கில் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பல வீடுகளில் அந்தப் படத்தை வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை. உள்ளலங்காரம் செய்தவர் கொண்டுவந்தார், மாட்டினார், போனார். அந்த வீட்டில் யாருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. வருகிற விருந்தாளியும் அதைப் பார்த்து ஒன்றும் கேட்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு வீட்டுக்கு ஆணி அடிக்கப் போனேன். பாளையங்கோட்டைக்கு வெளியே புது வீடு. வாசல் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு இயந்திரத்தில் அச்சடித்த பெரிய கேன்வாஸ். மாடிப்படிக்கு அடியில் துடைப்பத்துக்குப் பக்கத்தில் சாக்கு போட்டு மூடி என்னமோ இருந்தது. ஏணியை எடுக்கும்போது சாக்கு விலகியது. ஒரு லட்சுமி படம். ரவிவர்மா படத்தின் அச்சு. அவர் 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த படங்கள் ஒரு காலத்தில் செட்டிநாட்டிலும் எங்கள் பக்கத்திலும் வசதியுள்ள வீடுகளில் எல்லாம் இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அடையாளம் தெரியும். இன்றைய அச்சில் புள்ளிகள் அணிவகுத்தாற்போல் ஒரே ஒழுங்கில் நிற்கும். கல்லில் அச்சடித்த பழைய படத்தில் புள்ளிகள் மணலைத் தூவியதுபோல் இருக்கும், ஒன்றைப் போல் இன்னொன்று இராது.

ஆனால் என்னை அங்கேயே உட்காரவைத்தது அச்சு அல்ல. லட்சுமியின் சேலை முழுக்கத் துணி. உண்மையான துணி. சிவப்புப் பட்டுத் துணியைச் சேலையின் அளவுக்கு வெட்டி, மடிப்புகள் விழுகிற இடத்தில் மடித்து, ஓரத்துக்குச் சரிகை வைத்து, ஜிகினாவும் சின்னச் சின்ன மணியும் கோத்துத் தைத்திருந்தார்கள். கழுத்தில் இருந்த மாலைக்கு வெள்ளை மணி. தாமரை இதழுக்குக்கூட ஜிகினா. யார் தைத்தது என்று கேட்டேன். வீட்டுக்காரரின் அம்மா உள்ளேயிருந்து வந்து, எங்கள் ஆச்சி என்றார். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மத்தியானம் வேலை ஓய்ந்த பிறகு தைப்பார், ஒரு மார்கழியில் தொடங்கி அடுத்த மார்கழியில் முடித்தார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மணி எடுத்துக் கொடுப்போம் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த வீட்டுக்காரர் என்னைவிட ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரர். தன் பூட்டியின் கைவேலை தன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேன்வாஸை நான் மாட்டவில்லை. அவரே வேண்டாம் என்றுவிட்டார். லட்சுமி இப்போது அந்த வாசலில் இருக்கிறாள்.

உங்கள் பக்கத்தை எழுதியவரிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். வாசல் படம் எது என்று கேட்டு வருகிறவர்களை முதலில் பரணுக்கு அனுப்புங்கள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், ஊரில் பூட்டிக் கிடக்கிற வீட்டில் தேடச் சொல்லுங்கள். அந்த வீட்டைச் சேர்ந்த யாராவது தீட்டியது, தைத்தது, நெய்தது, ஆசைப்பட்டுக் காசு சேர்த்து வாங்கியது ஒன்றாவது இருக்கும். அதற்குத்தான் வாசல்.

தீட்டுவது என்றால் பெரிய ஓவியம்தான் என்று இல்லை. ஒரு கொத்தனார் வந்தார். மகள் மூன்றாம் வகுப்பில் வரைந்த படம். ஒரு வீடு, ஒரு தண்ணீர்க் குழாய், குழாயடியில் நாலு குடம், வரிசையில் நிற்கிற பெண்கள். கடைசியில் நிற்பது நான் என்று அந்தப் பிள்ளை அம்பு போட்டு எழுதியிருந்தாள். ஊரில் எத்தனையோ வாசல் கட்டிவிட்டேன், என் வாசலுக்கு இது போதும் என்றார். மரத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் வரைந்த படங்களுக்கு எங்கள் கடையில் இன்றும் அப்படித்தான்.

பத்தமடையைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். தாமிரபரணிக் கரையின் கோரையை அறுத்து, காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு கோரையைப் பல இழையாகக் கிழித்து, பாவு என்கிற நீளவாட்டு இழைக்குப் பருத்தி நூலை வைத்து நெய்கிற பாய். மெல்லிய பாயைத் துணிபோல மடிக்கலாம். அங்கே முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நெய்கிறார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கல்யாணத்துக்குச் சொல்லிவைத்தால் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் பாயின் ஓரத்திலேயே எழுத்தாக நெய்து கொடுப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்படி ஒரு பாயைத் தலையணை உறைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தார். அவருடைய அம்மா அப்பாவின் கல்யாணப் பாய். 1958. நடுவில் இரண்டு இடத்தில் கோரை ஒடிந்து பாவு நூல் மட்டும் நின்றது. ஒரு பக்க விளிம்பு நைந்திருந்தது. சிவப்பும் பச்சையும் மங்கி, ஒன்று செங்கல் நிறமாகவும் மற்றது வைக்கோலோடு சேர்ந்த நிறமாகவும் ஆகிவிட்டது. தலைமாட்டுப் பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அங்கேதான் இரண்டு பெயரும். வளைவு வரவேண்டிய இடமெல்லாம் படிபடியாக ஏறி இறங்கும், ஏனென்றால் கோரை நேராகத்தான் ஓடும். வளைத்து எழுத வேண்டிய நம் தமிழ் எழுத்தை நேர்கோட்டில் கொண்டுவர அந்த நெசவாளி எவ்வளவு எண்ணியிருப்பாள் என்று நான் விரலால் தடவிப் பார்த்தேன். அவருடைய அம்மா பெயரில் வருகிற ழகரத்தின் சுழிக்கு மட்டும் ஏழு படிகள் இருந்தன. ஓர் இடத்தில் ஒரு படி தப்பி, அடுத்த இழையில் சரிசெய்திருந்தார்கள்.

கூட வந்த மருமகன், பெயர் இருக்கிற பகுதியை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டால் போதுமே அண்ணாச்சி, மிச்சம் கிழிந்துதானே கிடக்கிறது என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை, பாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

கடைசியில் இப்படிச் செய்தேன். நாலு அங்குல ஆழத்தில் தேக்குப் பெட்டி. பெயர் இருக்கிற ஒன்றரை அடி மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும். மிச்சப் பாயை வெள்ளைக் காடாத் துணியோடு சேர்த்து ஓர் உருளைக் கட்டையில் தளர்த்தியாகச் சுற்றி, பெட்டியின் மேல் அறைக்குள் வைத்தேன். தெரிகிற பகுதியைப் பசை போட்டு ஒட்டவில்லை. துணி போர்த்திய பலகையில் பருத்தி நூலால் அங்கங்கே தைத்து நிறுத்தினேன், பாவு நூலைச் சுற்றி ஊசி போனதே தவிர கோரையைக் குத்தவில்லை. கண்ணாடி பாயைத் தொடாதபடி நடுவில் அரை அங்குலச் சட்டம். பெட்டியின் அடியில் வலை வைத்த இரண்டு சிறு துளை, காற்றுக்கு. நாளைக்கு அவருடைய பேரப்பிள்ளைகள் பாயை முழுசாக விரித்துப் பார்க்க விரும்பினால் எட்டுத் திருகாணியைக் கழற்றினால் போதும்.

அவர்கள் வீட்டுக்கு நானே கொண்டுபோய் மாட்டினேன். கதவைத் திறந்தால் இடது கைப் பக்கச் சுவர். வருகிறவர்கள் முதலில் பெயரை வாசிக்கிறார்கள், பிறகு இது எதில் எழுதியது என்று கேட்கிறார்கள், அப்புறம் பேச்சு பத்தமடைக்குப் போய், கல்யாணத்துக்குப் போய், அம்மாவுக்குப் போய் முடிய அரை மணி நேரம் ஆகிறது, செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார்கள் என்று ஆசிரியை பிறகு சொன்னார்.

மாட்டுவது பற்றி நாலு வார்த்தை. உங்கள் பக்கத்தில் இது வரவில்லை.

நாம் இப்போது வாசலில் உட்காருவதில்லை, நின்று பார்க்கிறோம். ஆகவே படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும், சாய்க்க வேண்டியதும் இல்லை. கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட படத்தை வைத்தால் படம் தெரியாது, கதவுதான் தெரியும். பக்கச் சுவரே நல்லது. மேற்குப் பார்த்த வாசலில் பிற்பகல் வெயில் நேரே விழுகிற சுவர் எந்தப் படத்துக்கும் ஆகாது. பழைய டீக்கடைகளில் வெயில் பட்ட படங்களைப் பார்த்திருப்பீர்கள், எல்லாம் நீலமாக இருக்கும். மஞ்சளும் சிவப்பும் வெயிலில் முதலில் போய்விடும், நீலம் மட்டும் தங்கும். அப்படிப் போன நிறத்தை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. வாசல் சுவரின் வெளிப்புறம் மழையில் நனைகிற சுவர் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் உள்ளேயும் ஓதம் இறங்கும். சட்டத்தின் பின்பக்க நாலு மூலையிலும் பாட்டில் மூடித் தக்கையை வெட்டி ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் கனம் காற்றோட்டம் இருந்தால் பூஞ்சை வராது. வருடத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, கழற்றி முதுகைப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் நெளிந்து ஓடுகிற இராமபாணப் பூச்சி இருந்தால் உடனே கொண்டுவாருங்கள், அது தாளைத் தின்கிற பூச்சி. கண்ணாடியைத் துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடி மேல் தெளிக்காதீர்கள், துணியில் நனைத்துத் துடையுங்கள். தெளித்த நீர் கீழ்ச்சட்டத்தில் இறங்கி, படத்தின் அடிப்பகுதியை ஊறவைக்கும். எங்கள் கடைக்கு வருகிற சாமி படங்களில் பாதம் அழிந்தவை அதிகம். காரணம் இதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கடந்து சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் கடைக்கு ஆற்று நீர் வரவில்லை. நான்காம் நாளிலிருந்து படங்கள் வந்தன. அரிசியும் துணியும் புத்தகமும் போன வீடுகள். அந்த நிலையிலும் படத்தைச் சேறோடு தூக்கிக்கொண்டு வந்து, இதைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டார்கள். ஈரமாகவே கொண்டுவந்தவற்றில் பெரும்பகுதியைக் காப்பாற்றினேன். படத்தைக் கண்ணாடியோடு சேர்த்து நல்ல தண்ணீர்த் தொட்டியில் கிடத்தி, தாள் தானாகக் கண்ணாடியை விட்டு விலகும்வரை காத்திருந்து, துணியில் ஏந்தி நிழலில் காயவைக்க வேண்டும். சிலர் பாவம், உதவி செய்வதாக நினைத்து, கண்ணாடியோடு வெயிலில் காயவைத்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். வழவழப்பான தாள் கண்ணாடியில் காய்ந்து ஒட்டிவிட்டால் அதோடு சரி. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படி ஏழு படங்களை ஒன்றும் செய்ய முடியாமல் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பெண் அதையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார். இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: படம் நனைந்தால் காயவிடாதீர்கள், ஈரத்தோடு கொண்டுவாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உடைந்த சாமி படத்தை வீட்டில் வைக்கக் கூடாது, குப்பையில் போடவும் மனம் வராது என்று, குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றங்கரையிலும் அரசமரத்தடியிலும் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். பக்தியில் செய்வதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மழையில் தாள் கரைகிறது, சட்டம் கரையானுக்குப் போகிறது, கண்ணாடி மட்டும் உடைந்து மணலில் கிடக்கிறது. குளிக்க வந்த ஒரு பையனின் பாதத்திலிருந்து அரை விரல் நீளச் சில்லை நானே எடுத்திருக்கிறேன். கண்ணாடி உடைந்தால் படம் உடைந்ததாக அர்த்தம் இல்லை. புதுக் கண்ணாடியும் பின்னட்டையும் மாற்ற 300 ரூபாய்க்குள்தான் ஆகும். உங்கள் ஊர்ப்பக்கம் தேடினால் சட்டம் போடும் கடை ஒன்றாவது இருக்கும். எங்கள் தொழில் செய்கிறவர்கள் யாரும் படத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் எங்களிடம் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் கீழ் ஓரத்தைத் துடைத்து, கையெழுத்து இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் நம் பக்கத்தில் படம் தீட்டியவர்களுக்கு என்று ஒரு சுவர் ஒதுக்கினால், நான் சேர்த்து வைத்திருப்பதில் நல்லவற்றைச் சட்டம் போட்டே கொடுப்பேன். உங்கள் இணைப்பிதழிலும் வாரம் ஒரு வாசல் படத்தை, யார் செய்தது என்ற விவரத்தோடு வெளியிட்டால் வீடுகளில் பரணில் இருப்பவை வெளியே வரும்.

கடைசியாக, வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் சரிசெய்யக் கொடுத்துவிட்டு இன்னும் யாரும் வந்து வாங்காத நான்கு படங்கள் கடையில் இருக்கின்றன. கொடுத்த சீட்டு தொலைந்திருக்கலாம், வீடு மாறியிருக்கலாம். அடையாளம் எழுதுகிறேன். ஒன்று, வள்ளி தெய்வானையோடு முருகன், சட்டத்தின் வலது மேல் மூலையில் பச்சை பெயின்ட் சொட்டு இருக்கிறது. இரண்டாவது, கறுப்புத் துணியில் வெள்ளை நூலால் பின்னிய இரண்டு மயில்கள், ஒரு மயிலுக்குக் கண் வைக்காமல் விட்டிருக்கிறது, கீழே 'நல்வரவு' என்ற எழுத்து. மூன்றாவது, வசன அட்டை, முதுகில் பென்சிலால் எட்டுப் பேரின் பிறந்தநாள்கள் எழுதியிருக்கின்றன. நான்காவது சின்னது, ஒரு பிள்ளை வரைந்த ஆறும் பாலமும், பாலத்தில் சிவப்பு பஸ். நான்கும் நன்றாகக் காய்ந்து, புதுக் கண்ணாடி போட்டுத் தயாராக இருக்கின்றன. பணம் எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் காலை பத்து மணிக்கு மேல் வரலாம்.

இப்படிக்கு,
படச்சட்டக் கடைக்காரர்,
மேல ரத வீதி, திருநெல்வேலி டவுன்